மலையடியில் மௌன விரதம்

மகள் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு பனிக்காலமாக இருந்த சட்டம் இது. போட்டவள் மகள். நான் எப்போது மீறுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் மனைவி.

மகளுடைய விளையாட்டுக்கு மோகல்ஸ் என்று பெயர். பனிச்சறுக்கிலேயே வித்தை காட்டுகிற வகை. எனக்கு அது விளங்க ஒரு முழுப் பனிக்காலம் எடுத்தது, அதனால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்குத்தான ஒரு சரிவு. இட்டலித் தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் அது நிறையப் பனிமேடுகள். காலில் ஸ்கீயைப் பூட்டிக்கொண்டு, இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்தபடி, அந்த மேடுகளுக்குள்ளே புகுந்து நேராகக் கீழே வரவேண்டும். வழியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பெரிய பனித்திட்டுகள். திட்டில் ஏறினால் ஆள் ஆகாயத்தில். ஆகாயத்தில் சும்மா போனால் போதாது, ஒரு குட்டிக்கரணமாவது அடித்துக் காட்டவேண்டும். திரும்பி வந்து விழுவதும் மெத்தையில் இல்லை, மறுபடி அதே மேடுகளில்தான். திரும்புகிற அழகுக்குப் புள்ளி உண்டு, பாய்ச்சலுக்கு உண்டு, வேகத்துக்கு உண்டு. கீழே நின்று நடுங்குகிற தகப்பனுக்குத்தான் ஒன்றும் இல்லை.

நான் டயர் கடையில் வேலை செய்கிறவன். பனிக்காலத்துக்கு முன் எல்லாக் காருக்கும் பனி டயர் பூட்டியாக வேண்டும் என்பது இந்தக் கெபெக் மாகாணத்துச் சட்டம். முதல் பனி கொட்டிய காலையில் கடை வாசலிலிருந்து சந்திவரை கார் நிற்கும். ஒன்றும் வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் பிள்ளை வழுக்குவதையே பிடித்துக்கொண்டாள். கடையில் என்னோடு வேலை செய்யும் திருகோணமலை அண்ணைக்கு இது போதும்.

“நீ ஊர்க் காருக்கெல்லாம் டயர் பூட்டுறாய். உன்ர பெட்டையின்ர காலுக்கு ஒரு சோடி பூட்ட மறந்துபோனாய், என்ன?”

எனக்குப் பயம் என்பது புதிதில்லை. பஸ் ஏறியபிறகு அடுப்பு நினைவு வந்து அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவன் நான். மெட்ரோ வரும்போது சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மேலே படித்தவர்கள் பயப்படுவதற்கு முன் காரணம் கேட்பார்கள் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. எனக்கு முதலில் பயம் வரும். காரணத்தை ஆறுதலாகத் தேடிக்கொள்வேன், எப்படியும் ஒன்று அகப்படும்.

மனைவி வேறு மாதிரி. வீட்டுக்குக் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்தவர்கள் கிடக்கிற பகுதியில் வேலை. காலையும் மாலையும் மாவுக்கட்டுகளைப் பார்த்துப் பார்த்து மனம் கல்லாகிவிட்டது என்று நான் சொல்வேன்.

“எலும்பு எண்டா முறியும், பேந்து ஒட்டும். அதுக்குத்தானே எலும்பு” என்பாள் அவள்.

இது எல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், கட்டிலில்தான். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் ஏறித் துள்ளுவாள். கீழ்வீட்டு மனிசி தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பா. அந்த இடிக்குத் தாளம் போட்டு இவள் இன்னும் துள்ளுவாள். கட்டில் கால் ஒன்று முறிந்த அன்று, மனைவி அவளை இழுத்துக்கொண்டுபோய் டிராம்பொலின் வகுப்பில் விட்டாள். அங்கிருந்த பயிற்சியாளர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஆகாயத்தில் தலை எங்கே கால் எங்கே என்று நன்றாகத் தெரிகிறது, பனியில் விட்டுப் பாருங்கள் என்றார். பிரெஞ்சில் சொன்னதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. முழுக்க விளங்கியிருந்தால் அன்றைக்கே கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

கோடையில் தண்ணீரில் பழகுவார்கள். ஸ்கீ, தலைக்கவசம், மிதவைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, நனைந்த பிளாஸ்டிக் சரிவில் வழுக்கி வந்து, ஆகாயத்தில் கரணமடித்துக் குளத்துக்குள் விழுவார்கள். நான் கரையில் துவாயோடு நிற்பேன். அவள் தலை மேலே வரும்வரை எனக்கும் மூச்சு வராது. ஒருநாள் பயிற்சியாளர் எனக்குப் பக்கத்தில் வந்து, “மிஸ்யூ, நீங்கள் மூச்சு விடலாம். தண்ணீருக்குள் இருப்பது அவள்தான்” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டம் வந்த கதை இது. வடக்கே மலைப்பக்கம் ஒரு மாகாணப் போட்டி. அவள் முதல்முறையாகப் பின்பக்கக் கரணம் அடிக்கப்போகிறாள். சுற்றி நின்ற தாய் தகப்பன்மார் எல்லாரும் “அவேய்! அவேய்!” என்று கத்தினார்கள். விடாதே, போ என்பதற்கு கெபெக்காரர் அப்படித்தான் கத்துவார்கள். எனக்கும் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினேன்.

“மெல்ல! மெல்லப் போ பிள்ளை! மெல்ல!”

அவள் மெல்லப் போனாள். மேல் திட்டில் ஏறியபோது கரணத்துக்கு வேண்டிய வேகம் இல்லை. கோழி வேலி பாய்ந்ததுபோல் ஒரு சின்னத் துள்ளலோடு வந்து சேர்ந்தாள். கடைசிக்கு முந்தின இடம்.

வீட்டுக்கு வருகிற வழியில் பாதித் தூரம் வந்துவிட்டோம். பின் ஆசனத்திலிருந்து மகளின் குரல் வந்தது.

“அப்பா, அங்க அவ்வளவு சனம் கத்தினது. ஒருத்தற்ற குரலும் எனக்குக் கேக்கேல்ல. உங்கட குரல் மட்டும் கேட்டது.”

“அதுக்கு நான் என்னம்மா செய்யிறது?”

“போட்டியில ஆராவது மெல்லப் போ எண்டு கத்துவினமோ? உங்கட பயம் எனக்குத் தொத்துது அப்பா. நீங்க மெல்ல எண்டா என்ர கால் தானா நிக்குது.”

மனைவி முன்னாலிருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள். “உன்ர கொப்பர் தாலி கட்டேக்கையே மெல்ல மெல்ல எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டினவர். எனக்குக் கேட்டது.”

அன்றிலிருந்து நான் வாய் திறக்கக் கூடாது என்பது மகளின் சட்டம். வாயை நம்ப முடியாததால், போட்டி என்றால் என் இடம் கார் தரிப்பிடம். மனைவி போய் நின்று பார்ப்பாள். நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்து, மலைப்பக்கம் சனம் கத்துகிற சத்தத்தைக் கேட்டு, விழுந்தாளா விழவில்லையா என்று ஊகித்துக்கொள்வேன். நான் ஊகிப்பது எல்லாம் விழுந்ததாகத்தான் இருக்கும். மனைவி கோப்பியோடு வந்து கண்ணாடியில் தட்டி, “முழுசா இருக்கிறாள்” என்று சொன்ன பிறகுதான் கைகால் சூடேறும்.

போன பனிக்காலம் அவளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. உலகச் சுற்றில் ஒரு போட்டி எங்கள் மாகாணத்திலேயே, மொன்றியலிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில். நடத்துகிற நாட்டுக்குக் கூடுதலாகச் சில இடம் கொடுப்பார்கள், அதில் ஒன்று இவளுக்கு. காலையில் எல்லாரும் ஒருமுறை இறங்குவார்கள். அதில் முதல் பதினாறு பேர் மத்தியானம் இறுதிச் சுற்றில் திரும்ப இறங்குவார்கள். அந்தப் பதினாறுக்குள் வந்து, இறுதியில் இரண்டு பாய்ச்சலையும் விழாமல் முடித்தால், மிச்சப் போட்டிகளுக்கு வெளிநாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவோம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் திரும்ப மாகாணப் போட்டிதான், அடுத்த வருடம் பார்ப்போம்தான்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டு மகள் என்னைப் பார்த்தாள். “நீங்களும் வாங்கோ அப்பா. காருக்குள்ள இல்ல, கீழ வந்து நில்லுங்கோ. ஆனா வாயத் திறக்கக் கூடாது.”

எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், என் வாயில் நம்பிக்கையின்மை மறு பக்கம். அது என்னைக் கேட்டுத் திறக்கிற வாய் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலுக்குப் போனபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கை நான் மறந்துவிடக்கூடும். முருகனுக்குக் கொடுத்தால் மறக்கப் பயமாக இருக்கும். ஐயரிடம் சொன்னேன், போட்டியன்று கண் விழித்ததிலிருந்து போட்டி முடியும்வரை மௌன விரதம் இருப்பதாக நேர்ந்துகொள்ளப் போகிறேன் என்று.

“என்ன காரியத்துக்கு?” என்றார் ஐயர்.

“ஸ்கீக்கு, ஐயா. மகள் மலையிலயிருந்து இறங்கப்போறாள்.”

அவர் ஒன்றும் திகைக்கவில்லை. “மலை எண்டா அவற்ற இடம்தானே. நல்லா இருங்கோ” என்று திருநீறு தந்தார்.

போட்டியன்று காலையில் எழுந்ததிலிருந்து நான் பேசவில்லை. மனைவிக்கு அது திருவிழா. கார் ஓட்டுகிற என்னிடம் வழி நெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். “ஏன் இவ்வளவு மெதுவாப் போறியள்? பதில் சொல்லாட்டி ஓம் எண்டு எடுக்கிறன். புதுச் சோபா வாங்குவமோ? ஓமோ? சரி.” இப்படியாக ஒரு சோபாவும், அவள் தங்கையைக் கோடைக்குக் கூப்பிடுவதும் வழியிலேயே முடிவாகிவிட்டது.

மலையடியில் நல்ல வெயில், கண் கூசியது. பல நாட்டுக் கொடிகள். கையில் மாட்டுமணி வைத்து ஆட்டுகிற சனம். மனைவி படம் பிடிக்க வேண்டும் என்று சரிவின் ஓரமாக ஏறிப் போய்விட்டாள். நான் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த மனிசியைக் கண்டேன். அவ்வளவு சனமும் மலையைப் பார்த்து நிற்க, எனக்குப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, கார் தரிப்பிடத்தைப் பார்த்தபடி நின்றா. என் வயதுதான் இருக்கும். நீலக் கம்பளித் தொப்பி. இரண்டு கையாலும் தடுப்பை இறுக்கிப் பிடித்த பிடியில் கையுறை முறுகிப்போய் இருந்தது.

அந்தப் பிடி எனக்கு நன்றாகத் தெரிந்த பிடி.

“உன் மகளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டு மலைப்பக்கம் பெருவிரலைக் காட்டினா. நான் தலையாட்டினேன். “என் மகளும்” என்றா. ஒலிபெருக்கியில் அடுத்த பெயர் வந்ததும் சனம் கூரை பறக்கிற மாதிரிக் கத்தியது. அந்த மனிசி கண்ணையே மூடிக்கொண்டா. பெரிய திரையில் முகத்தைப் பார்த்தேன். எங்கள் மகள் தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற முகம். பின்லாந்துக்காரி, உலகச் சம்பியன், ஒருமுறை இல்லை, பலமுறை. விழவே விழாத பிள்ளை என்று என் மகள் சொல்லுவாள். அந்தப் பிள்ளையைப் பெற்றவதான் எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறா!

“சொல்லு எனக்கு” என்றா அந்த மனிசி, கண்ணைத் திறக்காமல். “தயவுசெய்து. என்ன நடக்கிறது என்று சொல்லு.”

நான் எப்படிச் சொல்ல? வாயைக் காட்டி, விரலை ஆட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தா. எனக்குப் பேச்சு வராது என்று எடுத்துக்கொண்டா போல, முகம் அப்படியே இளகிவிட்டது. தோளில் தட்டிச் சொல் என்று கையால் காட்டினா. வேற்றுப் பெண்ணின் தோளைத் தொட எனக்குக் கூச்சம். அதனால் அவ பிடித்திருந்த கம்பியைக் காட்டி அதில் விரலால் தட்டினேன். விளங்கியது என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டா.

இப்போது நான் பார்த்தே ஆகவேண்டும். வேறொருத்தியின் பிள்ளைக்காக, முதல்முறையாக, ஒரு ஓட்டத்தை மேலிருந்து கீழ்வரை கண் வெட்டாமல் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் முழங்கால் தையல் மிசின் ஊசிபோல் மேலும் கீழும் போனது. மேலே தலை ஆடவே இல்லை. முதல் திட்டு, கரணம், இறங்கிவிட்டாள். கம்பியில் ஒரு தட்டு. இரண்டாம் திட்டு, சுழன்று வந்து இறங்கிவிட்டாள். இரண்டு தட்டு. முடிவுக்கோட்டைத் தாண்டினாள். கம்பி முழுக்கப் படபடவென்று தட்டினேன். மனிசி ஒரு பெரிய மூச்சை விட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு கறுப்பு இனிப்பை எடுத்துத் தந்தா. உப்புக் கரித்தது, தார் மணம். துப்பவும் முடியாது, நல்லாயில்லை என்று சொல்லவும் முடியாது. நானும் மனைவி கட்டித்தந்த பார்சலைப் பிரித்து ஒரு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொடுத்தேன். அதை அவ இரண்டு கடியில் முடித்தா.

பிறகு என் மகள். நான் கையுறையை மடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மேல் திட்டில் பின்பக்கக் கரணம், அருமையாக இறங்கினாள். நடு மேடுகளில் வேகம் கூடியது. கூடிக்கொண்டே வந்தது. கீழ்த் திட்டுக்கு வந்த வேகத்தில் அவசரப்பட்டுப் பாய்ந்துவிட்டாள். ஆகாயத்தில் சாய்ந்து, ஒரு காலில் விழுந்து, கை இரண்டையும் காற்றாடிபோலச் சுழற்றி எப்படியோ கவிழாமல் வந்து சேர்ந்தாள். நான் கையுறையின் நூலை விழுங்கியிருந்தேன்.

எல்லாரும் இறங்கி முடியும்வரை காத்திருந்தோம். திரையில் பட்டியல் வந்தது. பதினாறாவது இடம், எங்கள் பிள்ளை. கதவு மூடுகிற கடைசி நொடியில் மெட்ரோவுக்குள் பாய்ந்து ஏறுவது மாதிரி உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே தடுப்புப் பக்கம் வந்தாள். மனைவியும் இறங்கி வந்திருந்தாள். மகளின் கன்னம் சிவந்திருந்தது, கண்ணில் கலக்கம்.

“கீழ்த் திட்டில விழப்பாத்தன் அப்பா. திரும்ப அப்படிப் பாய்ஞ்சா இந்தமுறை கட்டாயம் விழுவன். கோச் பொறு, பொறு எண்டு சொல்லிச் சொல்லித்தான் விட்டவர். அது தலைக்குள்ள நிக்குது, காலுக்குப் போகுதில்ல.” தடுப்பின் மேலாகக் குனிந்தாள். “நீங்க மெல்ல எண்டு சொல்லுங்கோ.”

நான் கண்ணை விரித்தேன்.

“மேல சொல்லக் கூடாது. நடுவில சொல்லக் கூடாது. கீழ்த் திட்டுக்கு முன்னால ஒரு சிவப்புக் கொடி நிக்குது, தெரியுதோ? அதில வரேக்க மட்டும். ஒரே ஒருக்கா. சத்தமா. சொல்லுவீங்களோ?”

நான் வாயைக் காட்டினேன், வானத்தைக் காட்டினேன், கும்பிட்டுக் காட்டினேன்.

“என்னம்மா இவருக்கு? கோவமோ?”

“மௌன விரதம்” என்றாள் மனைவி.

“என்ன?”

“முருகனுக்கு நேர்ந்தவர். போட்டி முடியுமட்டும் கதைக்க மாட்டார்.”

“ஆர் அப்பாவை விரதம் இருக்கச் சொன்னது?”

“நீதானே வாயத் திறக்காதேங்கோ எண்டாய்!”

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது திரும்பி, “சிவப்புக் கொடி அப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட் நாற்காலிப் பக்கம் போய்விட்டாள்.

அந்த இடைவேளையில் நான் பட்ட பாட்டை என்னைப் போலப் பயந்தவர்களுக்குத்தான் சொல்லலாம். விரதத்தை முறித்து அவள் விழுந்தால், முறித்ததால் விழுந்தாள். முறிக்காமல் விழுந்தால், சொல்லாததால் விழுந்தாள். முந்திச் சொன்னால் நிற்பாள், பிந்திச் சொன்னால் பறப்பாள். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளியாக நான்தான் நிற்கிறேன். பின்லாந்து மனிசி என் முகத்தைப் பார்த்து இன்னொரு கறுப்பு இனிப்பை நீட்டினா. வாங்கி வாயில் போட்டேன், அவ்வளவு தூரம் குழம்பிப் போயிருந்தேன்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இந்தமுறை படம் பிடிக்கப் போகவில்லை.

“இஞ்சாருங்கோ. விரதம் இருந்தது முருகனுக்காகவோ, பிள்ளைக்காகவோ?”

நான் மலையைக் காட்டினேன்.

“அப்ப அவள் கேட்டதைக் குடுங்கோ. முருகனோட நான் பேந்து கதைக்கிறன்.”

காலையில் கடைசி இடத்தில் வந்தவர் இறுதிச் சுற்றில் முதலில் இறங்க வேண்டும். ஆகவே எங்கள் மகள்தான் முதல். புறப்பட்டாள். மேல் மேடுகளில் வந்தபோது சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். மேல் திட்டு, கரணம், இறங்கினாள், சொல் திரும்பப் பல்லுக்குள் வந்து நின்றது. கடித்துப் பிடித்துக்கொண்டேன். நடு மேடுகளில் வேகம் கூடுவது தெரிந்தது. வாழ்க்கை முழுக்க எதற்கும் எப்போதும் சொன்ன ஒரு சொல்லை, அவ்வளவு வேகமாக வருகிற பிள்ளைக்குச் சொல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். சிவப்புக் கொடி.

“மெல்ல!”

காலையிலிருந்து அடைத்துக் கிடந்த குரல் முழுக்க அதில் வந்தது. பக்கத்தில் பின்லாந்து மனிசி துள்ளி விழப்பார்த்து, ஊமை பேசிவிட்டதே என்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டா. மேலே, மகளின் தோள் ஒரு கண்வெட்டு நேரத்துக்கு அடங்கியது. அவ்வளவுதான், பார்த்தவர்கள் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். திட்டின் நுனிவரை பொறுத்திருந்து, நிமிர்ந்து, எழும்பினாள். சுழன்றாள். இரண்டு ஸ்கீயும் ஒன்றாக வந்து பனியில் பட்டன.

முதலில் இறங்கியவள் என்பதால் திரையில் அவள் பெயர்தான் முதலாவது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உலகத்திலேயே எங்கள் பிள்ளைதான் முதலாம் இடம். முதலிடத்தில் இருப்பவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் கொண்டுபோய் இருத்தினார்கள். மனைவி அடுத்தவள் இறங்கி வருவதற்குள் கையிலிருந்த ஃபோன் நிரம்புகிற அளவுக்குப் படம் எடுத்துவிட்டாள். அதன்பின் ஒவ்வொருவராக வந்து அவளைக் கீழே தள்ளினார்கள். கடைசியில் ஒன்பதாவது. சம்பியன் இறங்கியபோது நான் வழமைபோல் கம்பியில் ஒன்று, இரண்டு, பிறகு படபட என்று தட்டினேன். சம்பியனே வென்றாள்.

பின்லாந்து மனிசி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, “நீ பேசுவாய்!” என்று குற்றம்போலச் சொன்னா. பிறகு, “என்ன சொல் அது?” என்று கேட்டா. எனக்கு ஆங்கிலமும் கொஞ்சம், பிரெஞ்சும் கொஞ்சம். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, தண்ணீருக்கு மேல் தடவுவதுபோல் அசைத்துக் காட்டினேன். அவ அதையே செய்து, “மெல்ல” என்று சொல்லிப் பார்த்தா. ‘ல்ல’வில் நாக்கு வழுக்கியது. திருத்தினேன். இரண்டாம் முறை வந்துவிட்டது.

விரதம் முறிந்த கணக்கைத் தீர்க்க அடுத்த கிழமையே கோயிலுக்குப் போனோம். மனைவிதான் ஐயரிடம் கதைத்தாள், முருகனோடு கதைக்கிறேன் என்று அவள் சொன்னது அதைத்தான். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, “ஒரு தேங்காய் அடிச்சுவிடுங்கோ, போதும்” என்றார் ஐயர். வெளியே வாசலில் முதல் தேங்காயை ஓங்கி அடித்தேன். அது பனிக்குள் புதைந்துபோனது. கிண்டி எடுத்து, உப்புப் போட்டுப் பனி கரைந்த சீமெந்தைத் தேடி அடித்தபோதுதான் சிதறியது. நான் இதைச் சகுனமாக எடுப்பதற்குள், “பனிக்குள்ள அடிச்சா எந்தத் தேங்காய் உடையும்? வாங்கோ குளிருது” என்று மனைவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பயிற்சியாளர் சொன்ன சொல்லைக் காத்தார். அதே பனிக்காலம் மகள் பின்லாந்துக்குப் போனாள். எங்களால் போக முடியவில்லை. விமான நிலையத்தில் எல்லாச் சாமானையும் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அங்க ஆர் பிள்ளை உனக்கு மெல்ல எண்டு சொல்லுறது?”

“நானே சொல்லிப் பாக்கிறன் அப்பா.” அவ்வளவு நம்பிக்கை அந்தக் குரலில் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. அங்கே அது பின்னேரம். மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்து, தேத்தண்ணியோடு இருவரும் இருந்தோம். சின்னத் திரையில் மகள் புறப்பட்டாள். என் வாய் தயாராகத்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு கடலைத் தாண்டி அது எங்கே கேட்கப்போகிறது? மேல் திட்டு நன்றாக முடிந்தது. நடு மேடுகள். மாட்டுமணிச் சத்தம், அறிவிப்பாளர் ஏதோ விளங்காத மொழியில் அலறுகிற சத்தம். அவள் கீழ்த் திட்டை நெருங்கினாள். அந்தச் சத்தத்துக்குள்ளே எங்கேயோ ஒரு பெண் குரல், அடித்தொண்டையிலிருந்து வந்தது.

“மெல்லா!”

மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மகள் பொறுத்தாள், எழும்பினாள், இறங்கினாள்.

சம்பியனும் இறங்கிய பிறகு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். தலைக்கவசம்கூடக் கழற்றவில்லை. “கேட்டதோ அப்பா? கேட்டதோ? அந்த அன்டி தன்ர மகள் வரேக்க இப்பவும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிக்கிறா. நான் வரேக்க மட்டும் மலையைப் பாத்து நிண்டவ!” அவளுக்குப் பின்னால் நீலத் தொப்பி எட்டிப் பார்த்து ஏதோ சொன்னது. மகள் திரும்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “அப்பா, அவ கேக்கிறா. அவவின்ர மகள் இறங்கேக்க ஒருத்தரும் கம்பியில தட்டேல்லயாம். நீங்க அங்கயிருந்து தட்டினீங்களோ எண்டு.”

“தட்டினவர், தட்டினவர்” என்றாள் மனைவி ஃபோனுக்குள் தலையை நீட்டி. “ஒண்டு, இரண்டு, பேந்து படபட எண்டு. மேசையெல்லாம் தேத்தண்ணி.”